போக்கிய வீட்டில் படுத்திருந்தவன்

ஜேசுராஜ் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீடு பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். முதல் வாரம் அவன் எழுந்து உட்கார்ந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு, இது சமையல்கட்டு, இது பரண், குழாயில் காலை ஒரு மணி நேரம் தண்ணீர் வரும் என்றெல்லாம் சொன்னான். இரண்டாவது வாரம் படுத்தபடியே கையைக் காட்டினான். மூன்றாவது வாரம் அதுவும் இல்லை. இரவு பதினொன்றுக்குக் கம்பெனிக்குள் போய்க் காலை ஏழுக்கு வெளியே வருகிறவனுக்குப் பகல் பதினொரு மணி என்பது மற்றவர்களுடைய நடுச்சாமம். நடுச்சாமத்தில் எழுப்பிப் பரண் எங்கே என்று கேட்டால் எவனும் பதில் சொல்ல மாட்டான்.

அம்பத்தூர் மேனாம்பேட்டில் கங்காதரன் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த மூன்று வீடுகளில் நடு வீடு அது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கக்கூஸ் பின்னால், மூன்று குடும்பத்துக்கும் பொது. அதற்கும் பின்னால் கங்காதரனின் மனைவி கன்னியம்மாள் இரண்டு எருமை கட்டியிருந்தாள். அதனால் ஈ. ஈக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்து ஜேசுராஜ் ஒரு வெள்ளைப் போர்வையைத் தலை முதல் கால் வரை இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குவான். பதினோரு வருஷமாக நைட் ஷிஃப்ட். போல்ட் அடிக்கிற மெஷின். மற்றவர்களுக்கு வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். இவன் நைட் அலவன்சுக்காகத் தானே கேட்டு நிரந்தரமாக இரவை வாங்கிக்கொண்டான். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவனுக்கு வேறு பேரம் எதுவும் கையில் இல்லை.

வீட்டை முப்பதாயிரத்துக்குப் போக்கியத்துக்கு எடுத்திருந்தார்கள். வாடகை கிடையாது. மூன்று வருஷம் கழித்துக் காலி செய்யும்போது போட்ட பணம் அப்படியே கைக்கு வரும். ஜேசுராஜின் மனைவி ரோஸியின் நகை முழுக்க அந்தப் பணத்துக்குள் இருந்தது. பத்திரமும் அவள் பெயரில்தான்.

தொண்ணூற்று மூன்று மே மாதம் மூன்று வருஷம் முடிந்தது. கங்காதரன் வந்து வாசலில் நின்றார். அப்பா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் வீடு போட்டவர். பேச்சில் இன்னும் வயல்வெளிச் சத்தம் இருக்கும்.

"இந்தாம்மா ரோஸி, ரேட்டு ஏறிப்போச்சி. இருக்கறதுன்னா இன்னும் பத்து போடு. காலி பண்றதுன்னா ஒண்ணு சொல்லிடறேன், பணம் இப்ப கையில இல்ல. மாடி எழுப்பிட்டேன். அடுத்த பார்ட்டி குடுக்கற கையாலயே ஒனக்கு வாங்கிக் குடுத்துடுவேன்."

பத்துக்கு வழி இல்லை. கம்பெனியில் ஓவர்டைம் நின்று ஒரு வருஷம் ஆகிறது. ரோஸி அந்த ஞாயிற்றுக்கிழமையே காட்டுப்பாக்கத்தில் இருந்த அவள் அக்கா அருள்செல்வி வீட்டுக்குப் போய்வந்தாள். பூந்தமல்லி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, சண்முகசுந்தரம் என்பவர் வீடு காலியாக இருந்தது. இதைவிட அறை பெரியது. பதினைந்தாயிரம் போதும் என்றார்.

"பாதிப் பணம் மிச்சம்" என்றாள் ரோஸி. "பழைய பவர் தையல் மிஷின் ஒண்ணு பேசி வெச்சிருக்கேன். மிஷின் இருந்தா வீட்டுக்கே பீஸ் கட்டிக் குடுத்தனுப்பறேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

ரோஸி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைக்கிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு. செக்கிங்காரர்கள் நிற்க வேண்டும். சட்டையை மேஜை மேல் விரித்து, பிசிறு வெட்டி, புரட்டி, மறுபடியும் பிசிறு வெட்டி, எட்டரை மணி நேரம். ஆறு வருஷத்தில் அவள் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டு வெளியே வந்துவிட்டன. ராத்திரி படுத்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒன்பது வயது மகள் ஞானகுமாரி, அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தானும் காலைச் சுவரில் வைப்பாள், விளையாட்டுக்கு. ஜேசுராஜ் கம்பெனிக்குக் கிளம்பும்போது கடைசியாகப் பார்ப்பது சுவரில் அந்த நாலு கால்களைத்தான்.

"சொல்லுங்க. போலாமா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

அவன் மனசில் ஓடியது ஒரே ஒரு கணக்கு. மேனாம்பேட்டிலிருந்து கம்பெனி சைக்கிளில் பத்து நிமிஷம். காட்டுப்பாக்கத்திலிருந்து வானகரம் வழியாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரமும் தூக்கத்திலிருந்துதான் கழியும். வேறு எதிலிருந்தும் கழிக்க அவனிடம் எதுவும் இல்லை. தினமும் ஆறு மணி நேரத் தூக்கம். சொத்து என்றால் அதுதான். அதை நாலாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். இதை அவன் அவளிடம் சொல்லவில்லை. காலில் நரம்பு சுருண்டவளிடம் தூக்கத்தைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஆகவே ரோஸி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு கெடு இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். கங்காதரனுக்குப் புதுப் பார்ட்டி வருவதானால் அதற்குள் வர வேண்டும். காட்டுப்பாக்கத்து சண்முகசுந்தரமும் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆனி முப்பதுக்குள்ள வந்து பால் காய்ச்சிடுங்க. நீங்க காய்ச்சற வழக்கம் இல்லன்னா நான் காய்ச்சிக்கறேன். ஆடியில என் வீட்டுல யாரும் குடியேறக் கூடாது."

"நமக்கு ஏதுங்க ஆடி?" என்று ரோஸி வீட்டுக்கு வந்து சிரித்தாள். ஆனால் கேலண்டரில் ஆடி பிறக்கிற ஜூலை பதினாறைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாள்.

பார்ட்டிகளைக் கொண்டுவருவது வீட்டு புரோக்கர் வேம்புலியின் வேலை. அவன் ஒரு சைக்கிளில் வருவான், பின்னால் பார்ட்டி இன்னொரு சைக்கிளில். அவன் வராத நாளில் கன்னியம்மாளிடம் சொல்லிவிட்டுப் பார்ட்டியை மட்டும் அனுப்புவான். ரோஸி எட்டரைக்கு வேலைக்குப் போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனாள், தாழ் போடவில்லை. கன்னியம்மாளிடமும் சொல்லி வைத்தாள்: "அவர எழுப்பாதீங்கக்கா. பாக்கறவங்க பாட்டுக்குப் பாத்துட்டுப் போவட்டும்."

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறை சொன்னார்கள். கக்கூஸ் பொது. எருமை நாற்றம். வாசல் தெற்குப் பார்த்தது. ஒரு பெண்மணி ஜேசுராஜைக் காட்டி, "இவரு எப்பவும் இங்கதான் கெடப்பாரா?" என்று கேட்டாளாம். "ஊட்டோட சேத்து உடறதில்லம்மா, அவரு தனி" என்று வேம்புலி சொன்னானாம். இதைச் சாயங்காலம் கன்னியம்மாள் ரோஸியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஜூலை இரண்டு, வெள்ளிக்கிழமை. மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் ரோஸி திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் போனாள். படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் கண்ணாடி டம்ளர். டம்ளருக்குள் மெழுகுவத்தி. ஸ்டூலுக்குக் கீழே ஜேசுராஜின் தலையணை. வாசல் வெளிச்சம் படாத மூலை அது ஒன்றுதான். கரண்ட் போயிருந்தது. ஃபேன் இல்லாததால் சுடர் அசையாமல் நின்றது.

கதவு திறந்த சத்தத்திலேயே அவனுக்கு முழிப்பு வந்துவிட்டது. இரண்டு பெண் குரல்.

"அத்தே, யாரோ பட்துக்கினு கீறாங்க."

"நைட்டு வேல பாக்கறவரா இருக்கும். நீ போய் சமையக்கட்டப் பாரு."

செருப்பில்லாத கால்கள் உள்ளே வந்தன. நின்றன.

"அத்தே."

"இன்னாடி?"

"தலமாட்டுல வெளக்கு கீது, பாரேன்."

இன்னொரு ஜோடிக் கால்கள் உள்ளே வந்தன. பிறகு கிழவியின் குரல் இறங்கிவிட்டது.

"ஐயோ தெய்வமே. சத்தம் போடாத. இது... எடுக்காம கீதுடி."

"இன்னா அத்தே சொல்ற?"

"மேல சிலுவ போட்டுக்கீது பாரு. கிறிஸ்டியன்காரங்க. அவங்க இப்டித்தான், மெழுவத்தி ஏத்தி வெப்பாங்க."

"ஒருத்தர் கூட அழுவலியே?"

"சாமியாரு வந்தாத்தான் பாட்டு பாடுவாங்க போல."

"அதுக்குன்னு தனியாவா போட்டுட்டுப் போவாங்க?"

"பொட்டி வாங்கப் போயிருப்பாங்க."

ஜேசுராஜுக்கு எல்லாம் தெளிவாகக் காதில் விழுந்தது. கிழவி இரண்டு அடி கிட்டே வந்தாள். அவள் மேல் வெற்றிலை வாசனை. குனிந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஏன் என்று பின்னால் அவன் பல தடவை யோசித்தான். சட்டென்று எழுந்தால் வயசானவள் பயந்து விழுந்துவிடுவாள் என்று நினைத்ததாக ஒரு காரணம் சொல்லிப் பார்த்தான். அரைத் தூக்கம், ஒன்றும் புரியவில்லை என்று இன்னொன்று. இரண்டும் பொய். பேசாமல் கிடந்தால் போய்விடுவார்கள், போய்விட்டால் தூங்கலாம். அவ்வளவுதான் அவன் நினைத்தது. நெஞ்சு ஏறி இறங்காமல் இருக்கத் தொண்டையை அடைத்து வைத்துக்கொண்டான். மெஷினுக்குக் கீழே குனிந்து எண்ணெய்ப் புகையில் வேலை செய்கிறவனுக்கு மூச்சைப் பிடிப்பது பழக்கம்தான்.

"இன்னா பாடு பட்டானோ" என்றாள் கிழவி. "தூங்கட்டும்டி. வா, சத்தம் போடாம போலாம்."

பதினோரு வருஷத்தில் அவன் தலைமாட்டில் நின்று, தூங்கட்டும் என்று யாரும் அப்படிச் சொன்னதில்லை. கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. அவன் மூச்சை விட்டான். புரண்டு படுத்தான். அன்று மூன்று மணி வரை தூங்கினான்.

சாயங்காலம் ரோஸி வந்ததும் கேட்டாள்: "பார்ட்டி வந்திச்சா? நல்ல பார்ட்டியாம். அட்வான்சு கையிலயே எடுத்துக்கினு வந்தாங்களாம், வேம்புலி அண்ணன் சொன்னாரு."

"வந்தாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போய்ட்டாங்க."

இதில் பொய் எதுவும் இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். ரோஸி ஒவ்வொரு நாளும் கேலண்டரைப் பார்த்தாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த ஞானகுமாரி பையைக் கழற்றாமல் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ப்பா, நீ செத்துட்டியா?"

ரோஸி சமையல்கட்டிலிருந்து, "இன்னாடி பேச்சு அது?" என்று கத்தினாள்.

"கிளாஸ்ல எல்லாரும் கேக்கறாங்கம்மா. டீச்சர் என்னக் கூப்ட்டு, ஏம்மா ஒரு வாரம் லீவு போட்டிருக்கலாமேன்னாங்க. நான் இல்ல டீச்சர், காலையில எனக்கு இட்லி வாங்கிக் குடுத்தாருன்னேன். டீச்சர் கண்ணத் தொடச்சிக்கினாங்க."

ரோஸி முதலில் சிரித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் வாசலில் வேம்புலியின் சைக்கிள் வந்து நின்றது, கூடவே கங்காதரனும்.

"ஏம்பா ஜேசு, தூங்கறதுக்கு ஒரு மொற வேணாம்?" என்றார் கங்காதரன். "ஊரெல்லாம் நீ போய்ட்டன்னு பேச்சு. டீக்கடையில ஒருத்தன் எங்கிட்டயே வந்து துக்கம் விசாரிக்கறான். நான் எவனுக்குன்னு கேக்கறேன், ஒங்க நடு ஊட்டுக்காரருன்றான்."

"வெள்ளிக்கெழம பாத்துட்டுப் போன அந்தம்மா வேல" என்றான் வேம்புலி. "பொன்னியம்மான்னு பேரு, கள்ளிக்குப்பம். மருமவ தாட்சாயிணியோட வந்துச்சி. ஊட்டுக்குள்ள பொணத்தப் பாத்துட்டு ரெண்டு பேரும் நேராப் போய்த் தல முழுவிட்டாங்க நைனா. கொழாயடில சொல்லிட்டாங்க. இன்னிக்கி ரெண்டு பார்ட்டி இட்டாறேன்னு போறேன், நடு ஊடான்னு கேட்டுட்டு ஓடறாங்க."

"உயிரோட கீறாருன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ரோஸி.

"சொல்லாம இருப்பனாம்மா? அப்ப செத்தது யாருன்னு கேக்கறாங்க. செத்துது ஒருத்தருன்னு ஆயிப்போச்சி. அது யாருன்றதுதான் இப்ப பேச்சே."

கங்காதரன் ஜேசுராஜை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணு பண்ணு. டெய்லி சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீக்கடையில வந்து ஒக்காரு. நாலு பேரு பாக்கட்டும்."

அது வேண்டாம், நேராக அந்த அம்மாவிடமே போய்விடலாம் என்று ரோஸி சொன்னாள். அந்த அம்மாவே பார்த்து இவர்தான் என்று சொல்லிவிட்டால் பேச்சு அடங்கிவிடும். முடிந்தால் அந்தப் பார்ட்டியே திரும்பவும் வரும். ஆனி முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போனார்கள். ஜேசுராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டான். ரோஸி போடச் சொன்னாள். பொன்னியம்மா வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நீ பாத்த பொணத்த இட்டாந்துகீறேன்" என்றான் வேம்புலி. "நல்லா பாத்துக்க. நடக்கும். டீ குடிக்கும். சைக்கிள் மிதிக்கும்."

பொன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தாட்சாயிணி உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவுரா? இவுரு இல்லப்பா."

"இவுருதாம்மா! நைட் ஷிஃப்டு. பகல்ல போத்திக்கினு தூங்குவாரு."

"அது நீட்டமான ஒடம்பு. இவுரு குட்ட."

"போத்திக்கினா நீட்டமாத் தெரியும்."

"டேய் வேம்புலி, கமிசனுக்காக ஆள இட்டாந்து காட்றியா எனக்கு? நான் இன்னா கண்ணு தெரியாதவளா?"

ரோஸி முன்னால் வந்தாள். "அம்மா, நான் அவரு சம்சாரம். நான்தான் மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு வேலைக்குப் போனேன். முதல் வெள்ளி, சாமிக்கு ஏத்தனது. அவரு கீழ தூங்கிக்கினு இருந்தாரு. அவ்ளோதாம்மா. எந்தச் சாவும் இல்ல எங்க வீட்ல."

பொன்னியம்மா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ரோஸி உட்காரவில்லை.

"கேளும்மா. நான் பொய் சொல்றவ இல்ல. பக்கத்துல போய் நின்னு பாத்தேன். நின்னு நெதானமாப் பாத்தேன். போர்வ ஏறி எறங்கவே இல்ல. தூங்கறவன் மூச்சு வுடமாட்டானா? நல்லாத் தூங்கறவன் கொறட்டையே வுடுவான். எங்க ஊட்டுக்காரரு போனப்போ மூச்சு நிக்கற வரிக்கும் நான்தான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். மூச்சு இருக்கறதும் இல்லாததும் எனக்குத் தெரியாதா? அதுல மூச்சு இல்லம்மா."

ரோஸி திரும்பி ஜேசுராஜைப் பார்த்தாள். அவன் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தான்.

"போனது ஒங்க அண்ணனாப்பா?" என்று பொன்னியம்மா அவனைக் கேட்டாள். "ஒரே ஜாடையாத்தான் இருக்கும், போத்தியிருந்துது, மூஞ்சி தெரியல. இன்னா வயசு?"

வேம்புலி நெற்றியில் அடித்துக்கொண்டான். தாட்சாயிணி உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். துக்க வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, கண்ணைப் பார்க்காமல் கொடுத்தாள். ஜேசுராஜ் குடித்தான்.

வேம்புலி கள்ளிக்குப்பம் முனையிலேயே சைக்கிளில் ஏறிவிட்டான். "நம்மால ஆவாது நைனா" என்று மட்டும் சொன்னான். இவர்கள் இரண்டு பேரும் நடந்தார்கள். ரோஸி ஒரு காம்பவுண்டுச் சுவர் பக்கம் நின்று, ஒரு காலைத் தூக்கி, கெண்டைக்காலை அழுத்திவிட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த கால்.

"முழிச்சிக்கினுதான் இருந்தீங்களா?"

"ம்."

"மூச்சப் புடிச்சிக்கினு?"

"ம்."

ஒரு தண்ணீர் லாரி அவர்களைத் தாண்டிப் போனது. அது போய்முடியும் வரை அவள் காத்திருந்தாள்.

"காட்டுப்பாக்கம் வேணாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"வேணாம்னு இல்ல."

"அப்ப போணுமா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். போக வேண்டும் என்றும் இல்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. "தூக்கம்" என்றான் கடைசியில். "வேற ஒண்ணும் இல்ல. தூக்கம்."

"தூரமா?"

"தூரந்தான்."

"தூரம் மட்டுந்தானா? இல்ல, பகல் பூரா மிஷின் சத்தம் கேக்கும்னா?"

அது அவனுக்குத் தோன்றியதே இல்லை. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்ட பிறகு அது இல்லை என்றும் அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரத் தூரத்தைத் தினமும் எண்ணியவன், தலைமாட்டில் ஓடப்போகிற மிஷினை ஒரு நாள்கூட எண்ணாமலா இருந்திருப்பான்? அவனுக்கே தெரியவில்லை. அவள் காலைக் கீழே ஊன்றி நடக்க ஆரம்பித்தாள்.

சண்டை எதுவும் வரவில்லை. சோறு போட்டாள், டிபன் கட்டினாள், எட்டரைக்குப் போனாள், ஆறரைக்கு வந்தாள். பேச்சை மட்டும் மகளோடு நிறுத்திக்கொண்டாள், அவனிடம் இல்லை. அருள்செல்வி ஒரு பையன் மூலம் சொல்லியனுப்பினாள்: காட்டுப்பாக்கத்து வீட்டில் வேறு யாரோ வந்து ஆனி இருபத்தொன்பதிலேயே பால் காய்ச்சிவிட்டார்கள். ரோஸி, சரி என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினாள். ஜேசுராஜ் பகலில் தூங்கினான். யாரும் வந்து கதவைத் திறக்கவில்லை. ஆனாலும் பதினொரு மணிக்கு முழிப்பு வந்துவிடும். கிடந்தபடி பின்பக்கம் எருமை வாலால் முதுகில் அடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆடி பிறந்து நாலாம் நாள், அவன் முகம் கழுவிக்கொண்டிருந்த நேரம், கங்காதரன் ஸ்டாம்ப் பேப்பரோடு வந்தார். கன்னியம்மாளும் கூட வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். ரோஸி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சி" என்றார் கங்காதரன். "நான் நாப்பது கேக்கல. பழைய முப்பதே இருக்கட்டும். இன்னும் மூணு வருசம் நிம்மதியா இருங்க. எழுதிக்கினு வந்துட்டேன். ஒரு கையெழுத்துப் போடும்மா."

ரோஸி பேப்பரை வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டு பக்கமும் படித்தாள்.

"முப்பதா அண்ணே?"

"ஆமா, பழைய ரேட்டு."

"பொணம் கெடந்த ஊட்டுக்கு முப்பதாயிரம் எவன் குடுப்பான்?"

கங்காதரன் ஜேசுராஜைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இன்னாம்மா நீ? ஒன் புருசன் இங்க சோப்புப் போட்டுக்கினு நிக்கறாரு."

"அது எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. வேம்புலி அண்ணனக் கூப்ட்டுக் கேளுங்க, இன்னிக்கி இந்த வீடு இன்னா போவும்னு."

"அவ சொல்றதுல நாயம் கீதுய்யா" என்றாள் கன்னியம்மாள்.

"நீ வாய மூடு."

"பதினெட்டு வெச்சிக்கிங்க" என்றாள் ரோஸி. குரலை உயர்த்தவில்லை. கம்பெனியில் இத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று சொல்கிற அதே குரல். "பன்னண்டு எனக்குத் திருப்பிக் குடுங்க. மொத்தமா வேணாம். ஆவணில ஆறு, தீபாவளிக்கு ஆறு."

"முடியாதுன்னா?"

"வேற ஆள் கொண்டாந்து வையுங்க. வீடு பாக்க வர்றவங்களுக்கு நானே எடம் காட்டறேன். இங்கதாங்க எங்க வீட்டுக்காரரு கெடந்தாரு, தலமாட்டுல மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருந்தேன்னு. ரெண்டும் பொய்யில்ல."

"டேய் ஜேசு!" கங்காதரனுக்கு மூச்சு வாங்கியது. "ஒன்னப் பொணம்ன்றா. நீ பாட்டுக்கு நிக்கறியே? ஆம்பளதானே நீ? ஒரு வார்த்த சொல்லு."

ஜேசுராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். காதுக்குப் பின்னாலும் துடைத்தான். மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். அவள் கேட்கிற பணம் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம். இந்தத் தடவை யாரும் போர்வைக்கு வெளியே நின்று தவறாகப் பார்க்கவில்லை.

"அவ பணம், அண்ணே" என்றான். "அவ சொல்றதுதான்."

கங்காதரன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், யாருக்கென்று தெரியவில்லை. கன்னியம்மாள் பேனாவை எடுத்து நீட்டினாள். முப்பது அடிக்கப்பட்டுப் பதினெட்டு எழுதப்பட்டது. பக்கத்தில் கங்காதரன் சின்னக் கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே ரோஸி தன் முழுப் பெயரையும் எழுதினாள். சாட்சி என்று இருந்த இடத்தில் ஜேசுராஜ் போட்டான்.

அவர்கள் போன பிறகு ரோஸி அறைக்குள் வந்து சாண் கணக்கில் தரையை அளந்தாள். ஜன்னலிலிருந்து ஆரம்பித்து, ஸ்டூலைத் தாண்டி, மூலை வரைக்கும் வந்தாள். பல நாளைக்குப் பிறகு அவனோடு பேசினாள்.

"இங்கதான் வெக்கணும். வேற எடம் இல்ல. பிளக்கும் இங்கதான் கீது."

"வை."

"பவர் மிஷினு. ஒரு மாதிரி சத்தம் போடும்."

"சரி."

"செப்டம்பரோட கம்பெனிய வுட்டுடுவேன். அப்பறம் காலையில ஒம்பதுலேர்ந்து வீட்லதான் இருப்பேன். பகல் பூரா."

அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று அவன் பார்த்தான். இல்லை. சந்தோஷமும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, அளந்த இடத்துக்கு ஓரமாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஞானகுமாரி அந்தக் கோட்டின் மேல் ஒற்றைக்காலில் நொண்டி அடித்தாள்.

ஷிஃப்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஜேசுராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தான். எங்கே போகிறீர்கள் என்று உள்ளிருந்து யாரும் கேட்கவில்லை. எஸ்டேட் ரோட்டுக்கு வந்து, கம்பெனி கேட்டுக்கு எதிரில் சைக்கிளை நிறுத்தி, ஒரு டீ சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு இரண்டாவது ஷிஃப்ட் விடுகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.